ஓடிப்போன ஆயர்கள்

கி.பி. 361 கிறிஸ்துமஸ் நாட்களில், கப்பதோக்கியாவின் நசியான்சு என்ற சிற்றூரில், வயது முதிர்ந்த பேராயர் ஒருவர் தன் சொந்த மகனை வற்புறுத்திக் குருப்பட்டம் கொடுத்தார். மகன் ஏதென்சில் படித்தவர், சொல்லாற்றல் மிக்கவர், தனித்திருந்து தியானிக்கும் வாழ்வையே விரும்பியவர். அப்பாவின் சொல்லைத் தட்ட முடியாமல் தலையைக் கொடுத்துவிட்டு, சில நாட்களில் ஊரைவிட்டே ஓடிப்போனார். கருங்கடலை ஒட்டிய பொந்து நாட்டில் துறவியாக இருந்த நண்பர் பசிலியாரிடம் போய்ச் சேர்ந்தார். 362 ஈஸ்டருக்குத்தான் திரும்பி வந்தார். அவரை வருந்தி அழைத்திருந்த சபையாரோ அவருடைய பிரசங்கத்தைக் கேட்கத் திரண்டு வரவில்லை. அந்த மனத்தாங்கலை அவர் ஒரு சிறிய உரையில் பதிவு செய்திருக்கிறார். அதோடு, தான் ஓடியது ஏன், திரும்பியது ஏன் என்று விளக்கி மிக நீண்ட உரை ஒன்றையும் எழுதினார். கிறிஸ்தவ மேய்ப்புப்பணி என்றால் என்ன என்று முழுநீளமாக யோசித்த எழுத்துகளில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையவற்றுள் ஒன்று அது. அவரைத்தான் நசியான்சு கிரகோரியார் என்கிறோம்.

மேய்ப்புப்பணி பற்றிய பழைய நூல்களில் ஒன்று, பணியைவிட்டு ஓடியவர் சொன்ன சமாதானமாக அமைந்திருப்பது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது. அவர் ஒருவர் மட்டுமல்ல. அந்தியோக்கியாவில் யோவான் கிறிசோஸ்தோம், தானும் பட்டம் ஏற்பதாக நண்பரை நம்பவைத்து, அபிஷேகம் நடக்கும் வேளையில் ஒளிந்துகொண்டார். நண்பர் மாட்டிக்கொண்டார். அந்த நண்பர் வந்து அழுது கேட்க, இவர் பதில் சொல்வதாகத்தான் 'குருத்துவம்' பற்றிய அவருடைய ஆறு பகுதி உரையாடல் நூல் நடக்கிறது. இது உண்மையில் நடந்ததா, நூலுக்காகப் புனைந்ததா என்று அறிஞர்கள் விவாதிப்பதுண்டு. 391-இல் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போவுக்கு வேறு வேலையாகப் போன அகுஸ்தீனாரை ஆலயத்தில் மக்கள் பிடித்து நிறுத்திக் குருவாக்கினார்கள். அவர் அழுதார். பேராயர் பதவி கிடைக்காமல் வெறும் குருப்பட்டம் கிடைத்ததால் அழுகிறார் என்று எண்ணிச் சிலர் தேற்றினார்களாம். அவருடைய வாழ்க்கையை எழுதிய பொசிதியூஸ் சொல்லும் செய்தி இது. 590-இல் ரோமாபுரியின் பேராயராகத் தெரிந்தெடுக்கப்பட்ட பெரிய கிரகோரியாரும் ஒளிந்து தப்பப் பார்த்தவர்தான். அதற்காகக் கடிந்துகொண்ட ராவென்னா பேராயர் யோவானுக்கு மறுமொழியாகவே தன் 'மேய்ப்புப்பணி விதி' நூலை எழுதினார்.

பதவி தேடிவரும்போது மறுத்து நிற்பது அந்தக் காலத்து மரியாதை, ஒருவகைச் சடங்கு என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் சடங்குக்காக மறுப்பவர்கள் நூறு பக்கத்துக்குக் காரணம் எழுதுவதில்லை. இவர்கள் எழுதினார்கள். அந்தக் காரணங்களைத்தான் நாம் இழந்துவிட்டோம் என்று நினைக்கிறேன். ஆதித் திருச்சபையின் அதிகாரத்தை, அங்கியை, ஆசனத்தை, பட்டாபிஷேக முறையை எல்லாம் பத்திரமாக வாங்கி வைத்திருக்கிறோம். அவர்களுடைய பயத்தை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை.

அவர்கள் எதற்குப் பயந்தார்கள்? நரகத்துக்கு என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட ஆத்துமாவுக்குத் தானே கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற அச்சம் அவர்களிடம் நிச்சயம் இருந்தது. ஆனால் நசியான்சு கிரகோரியாரின் உரையை மெதுவாகப் படித்தால், அவர் முதலில் அஞ்சுவது எதிரில் உட்கார்ந்திருக்கும் மனிதரை. உடலுக்கு வைத்தியம் பார்ப்பவரையும் உள்ளத்துக்கு வைத்தியம் பார்ப்பவரையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறார். உடல் நோயாளி வலியைச் சொல்வார், மருந்தைக் கேட்டு வாங்குவார். உள்ள நோயாளியோ நோயை மறைப்பார். கண்டுபிடித்துவிட்டால் அதற்கு நியாயம் சொல்வார். மருந்தோடு வருகிறவரையே எதிரியாக்கிக்கொள்வார். நம்முடைய அறிவையும் தன்மதிப்பையும் நோய்க்குக் காவலாக நிறுத்திவைப்போம் என்பது அவர் கண்ட உண்மை. அதற்கும் மேலே ஒன்று சொல்கிறார்: ஒருவருக்கு மருந்தானது இன்னொருவருக்கு நஞ்சாகும். சிலரைப் புகழ்ந்தால் நடப்பார்கள், சிலரைக் கடிந்தால்தான் நடப்பார்கள். சிலரைப் பலர் முன்னால் திருத்தலாம், சிலர் தனியே சொன்னாலே நொறுங்கிப்போவார்கள். சிலருடைய சிறு தவறுகளைக்கூட விடாமல் பின்தொடர வேண்டும், சிலருடையவற்றைக் கண்டும் காணாததுபோல் இருக்க வேண்டும். இதையெல்லாம் முன்கூட்டியே விதியாக எழுதிவைக்க முடியாது, ஆளும் வேளையும் பார்த்துத்தான் தெரியும் என்கிறார். கலைகளிலெல்லாம் பெரிய கலை மனிதரை வழிநடத்துவதே என்ற எண்ணத்தை மேற்குலகுக்குக் கொடுத்தவர் அவர்.

கிறிசோஸ்தோம் இன்னும் ஒரு படி போகிறார். ஆடு மேய்க்கிறவன் தன் ஆட்டைக் கட்டிவைத்துச் சூடு போடலாம், புண்ணை அறுக்கலாம். மனிதரை அப்படிச் செய்ய முடியாது. நீதிபதிக்குச் சட்டம் துணை இருக்கிறது, ஆயருக்கு அதுவும் இல்லை. இருந்தாலும் பயன்படாது, ஏனென்றால் மனம் ஒப்பாமல் திருந்துவது திருந்துவதே அல்ல. ஆகவே அவர் கையில் இருப்பது பேச்சும் பொறுமையும் மட்டுமே. அளவுக்கு மீறித் தண்டித்துவிட்டால், ஒரேயடியாக வெட்கம் விட்டுப்போய், கட்டறுத்துக்கொண்டு ஓடியவர்களைத் தான் பார்த்திருப்பதாகவும் சொல்கிறார். இந்த இடம்தான் அந்த நூலில் எனக்கு மிகவும் பிடித்தது. குருத்துவத்தின் மகிமையை வானளாவ உயர்த்திப் பேசும் அதே நூலில், குருவின் கையில் ஒரு பலமும் இல்லை என்ற ஒப்புதலும் இருக்கிறது.

இருநூறு ஆண்டுகள் கழித்து ரோமாபுரியில் பெரிய கிரகோரியார் இதே சிந்தனையை எடுத்து நடைமுறைக் கையேடாக்கினார். அவர் எழுதிய சூழலை மறந்துவிட்டால் அந்த நூல் வெறும் பட்டியலாகத் தெரியும். 589-இல் டைபர் நதி பெருகிக் கரையை உடைத்தது. பின்னாலேயே கொள்ளைநோய் வந்தது. 590 பிப்ரவரியில் பேராயர் இரண்டாம் பெலாஜியூஸே அதில் மாண்டார். வடக்கே லொம்பார்தியர் படை. நகரம் பட்டினியில் கிடந்தது. கிரகோரியார் முன்பு அந்த நகரத்தின் ஆட்சித் தலைவராக இருந்தவர், பிறகு தன் குடும்ப வீட்டையே துறவு மடமாக்கி உள்ளே போனவர், உடம்பு முழுக்க நோய் கொண்டவர். தானியக் கப்பலும் படைக்கூலியும் அகதிகளும் தலைமேல் கிடந்த அந்த நாட்களில், பேராயரானதும் முதலில் எழுதி முடித்த நூல்களில் ஒன்று, மனிதரிடம் எப்படிப் பேசுவது என்பதைப் பற்றியது.

நான்கு பகுதிகளில் மூன்றாவதுதான் நூலின் பெரும்பகுதி. அதில் முப்பத்தாறு இணைகளாக மனிதர்களைப் பிரித்து, இவரிடம் இப்படி, அவரிடம் அப்படி என்று போகிறார். ஏழைகளும் செல்வரும், மகிழ்ச்சியாக இருப்பவரும் சோர்ந்தவரும் என்று எல்லாரும் எதிர்பார்ப்பதுபோலத்தான் தொடங்கும். போகப்போகக் கண் கூர்மையாகும். தன் பொருளைத் தானம் செய்கிறவர்கள் ஒருபக்கம், தானமும் செய்துகொண்டு பிறர் பொருளையும் பறிக்கிறவர்கள் மறுபக்கம். பேசாமல் இருப்பவருக்குள் ஓயாமல் நடக்கும் பேச்சு. செய்த பாவத்துக்கு அழுகிறவர், ஆனால் விட மாட்டாதவர். விட்டுவிட்டவர், ஆனால் அதற்காக அழாதவர். கெட்டதைச் செய்து அதைப் பெருமையாகச் சொல்கிறவர். கெட்டது என்று கண்டித்துக்கொண்டே செய்கிறவர். பொறுமைசாலியையும் அவர் விடவில்லை. வெளியே பொறுத்துக்கொண்டவர், தனித்திருக்கும்போது பட்ட அவமானத்தை எடுத்து எடுத்துப் பார்த்து உள்ளே கசந்துபோவார், அவரிடம் எச்சரிக்கையாகப் பேச வேண்டும் என்கிறார். குதிரையை அடக்கும் மெல்லிய சீழ்க்கை நாய்க்குட்டியைத் தூண்டிவிடும் என்ற அவருடைய உவமையைப் படிக்கும்போது, பேச்சைக் காதால் எடைபோட்டவர் இவர் என்று தெரிகிறது.

இந்தப் பட்டியலை அவர் மூளையிலிருந்து எடுக்கவில்லை என்பதற்கு அவருடைய கடிதங்கள் சாட்சி. எண்ணூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. கான்ஸ்டான்டிநோபிள் அரண்மனையில் பேரரசியின் அந்தரங்கப் பணியில் இருந்த கிரகோரியா என்ற பெண்மணி, தன் பாவங்கள் மன்னிக்கப்பட்டுவிட்டன என்று கிரகோரியாருக்குக் கடவுள் வெளிப்படுத்தும்வரை விடப்போவதில்லை என்று எழுதியிருந்தார். பெரிய இடத்துப் பெண். இன்றைக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால், கர்த்தர் எனக்குக் காண்பித்தார், உங்கள் காரியம் முடிந்தது என்று ஒரு வரி எழுதிவிடுகிற ஊழியர்கள் நம்மிடையே உண்டு. கிரகோரியார் எழுதவில்லை. நீங்கள் கேட்பது எனக்குக் கடினமானது, உங்களுக்குப் பயனற்றது என்றார். எனக்கு அப்படி வெளிப்பாடு பெறும் தகுதி இல்லை, உங்களுக்கோ அந்த நிச்சயம் வாழ்நாள் முடிவுவரை வேண்டாம், விழிப்பாக இருங்கள் என்றார். மனத்தைக் கலங்கடிக்கும் பதில்தான். அந்தப் பெண் இதை வாங்கிக்கொள்ளக் கூடியவர் என்று அவர் கணித்திருக்க வேண்டும். வேறு ஒருவருக்கு வேறு பதில் எழுதியிருப்பார் என்றுதான் அவருடைய நூலைப் படித்தவர்கள் நினைப்பார்கள்.

இப்போது நம் ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நான் அறிந்தது திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகள். ஆயரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் அழைக்கும் ஊர்கள். அங்கே சேகரத்துக்கு வரும் ஐயர் தலையில் என்னென்ன விழுகிறது என்று பாருங்கள். பல ஊர்ச் சபைகள், ஒவ்வொன்றிலும் கட்டட வேலை, பள்ளிக்கூடத் தாளாளர் பொறுப்பு, அசனப் பண்டிகை, கன்வென்ஷன், திருமண்டலத் தேர்தல், தேர்தல் முடிந்தால் வழக்கு, சில ஆண்டுகளில் மாறுதல். வீடு சந்திப்பு என்ற சொல் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. ஒரு மாலையில் இருபது வீடு. வாசலில் செருப்பைக் கழற்றி, ஒரு சங்கீதம் வாசித்து, எல்லாருடைய பெயரையும் சொல்லி ஜெபித்து, காணிக்கைக் கவரை வாங்கிக்கொண்டு அடுத்த வீடு. ஐயரைக் குறைசொல்லி இதை எழுதவில்லை. அந்த இருபது வீட்டிலும் அவர் நெஞ்சாரத்தான் ஜெபிக்கிறார். ஆனால் பத்தாவது வீட்டில், மகன் குடிக்கிறான் என்பதைச் சொல்லலாமா வேண்டாமா என்று முந்தானையைத் திருகிக்கொண்டு நிற்கும் தாய்க்குப் பேச்சை எடுக்கவே அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணி நேரம் அவரிடம் இல்லை.

மறுபக்கம் பெரிய சபைகள். ஆயிரக்கணக்கானோர், ஒலிபெருக்கி, யூடியூப், விண்ணப்பப் பெட்டி. மேடையிலிருந்து ஒரே வார்த்தை எல்லாருக்கும் போகிறது: பயப்படாதே, இந்த மாதம் உனக்கு விடுதலை. அந்த வாக்கு, கடன்காரன் துரத்தும் நெசவாளிக்கும் போகிறது, அந்தக் கடனைக் கொடுத்து வட்டி வாங்குகிறவருக்கும் போகிறது. இருவரும் ஆமென் சொல்கிறார்கள். கூட்டுப் பிரசங்கம் கூடாது என்று பெரிய கிரகோரியார் சொல்லவில்லை. ஆனால் பலவகை மனிதர் கூடியிருக்கும் இடத்தில் ஒருவரைத் தேற்றும் சொல் இன்னொருவரின் நோயை வளர்க்காதபடி பேசுவது எவ்வளவு கடினம் என்பதற்கு அவர் தனி அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். ஒலிபெருக்கி வந்தபிறகு அந்தக் கடினம் ஆயிரம் மடங்கானது. நாமோ அதை எளிதாக்கிக்கொண்டோம்.

இந்த மரபு எங்கே அறுந்தது என்று கேட்ட அமெரிக்க இறையியலாளர் தாமஸ் ஓடன், 1984-இல் வெளிவந்த தன் நூலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மேய்ப்புப்பணி நூல்களில் பெரிய கிரகோரியார், கிறிசோஸ்தோம், அகுஸ்தீனார் பெயர்கள் திரும்பத்திரும்ப வருகின்றன. இருபதாம் நூற்றாண்டின் முக்கிய நூல்களில் அவர்கள் அடியோடு இல்லை. அந்த இடத்தில் பிராய்டும் யுங்கும் கார்ல் ரோஜர்சும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஓடனே ஒருகாலத்தில் அந்தப் புதிய அலையில் நீந்தியவர் என்பதால் அவருடைய வருத்தத்துக்கு எடை உண்டு. ஆனாலும் அவரோடு முழுக்க ஒத்துப்போக என்னால் முடியவில்லை. மருத்துவமனை வார்டில் குருமாணவர்களைப் பயிற்றுவிக்கும் முறையைத் தொடங்கியவர் ஆன்டன் பாய்சன். மனநோயால் தானே மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்து மீண்டவர். 1925-இல் மாசசூசெட்சின் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் முதல் மாணவர்களைக் கூட்டி அவர் கேட்டது இவ்வளவுதான்: வேதநூலை எவ்வளவு கவனமாக வாசிப்பீர்களோ அவ்வளவு கவனமாக இந்த மனிதர்களை வாசியுங்கள். நசியான்சு கிரகோரியாரைப் பாய்சன் மேற்கோள் காட்டாமல் இருந்திருக்கலாம். ஆனால் மேற்கோள் காட்டிக்கொண்டே நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் போகும் ஆயரைவிட அவருக்குத்தான் கிரகோரியார் நெருக்கம். அந்தப் பயிற்சி வேலூருக்கும் வந்தது, நம் இறையியல் கல்லூரிகளுக்கும் வந்தது. அதோடு சேர்த்துப் பழைய நூல்களையும் படிக்க வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று திருத்தும் என்பது என் நம்பிக்கை.

திருத்த வேண்டிய இடங்களில் அவசரமானது மனச்சோர்வு. நான் அறிந்த ஒரு பெண், பிள்ளை பெற்ற சில மாதங்களில் பேச்சை நிறுத்திவிட்டாள். குழந்தையைத் தூக்க மாட்டாள், சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பாள். உபவாச ஜெபத்துக்குக் கூட்டிப்போனார்கள். விசுவாசம் இல்லை என்றார்கள், பிறகு பிசாசு என்றார்கள். கடைசியில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர்தான் மனநல மருத்துவரிடம் அனுப்பினார். இப்படிப்பட்ட வீடு இல்லாத தெரு நம் சபைகளில் குறைவு.

விசுவாசம் இல்லை என்று சொன்னவர்கள், ஆதித் திருச்சபையின் வழியில் நடப்பதாகவே எண்ணிக்கொண்டார்கள். அவர்கள் ஸ்தாகிரியூசுக்கு எழுதப்பட்ட நூலைப் படித்ததில்லை. செல்வந்தர் வீட்டுப் பிள்ளை, துறவியானவன், பிறகு வலிப்பு கண்டு கீழே விழத் தொடங்கியவன், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் அலைக்கழிக்க வாழ்ந்தவன் ஸ்தாகிரியூஸ். எல்லாரும் பிசாசு என்றார்கள். அவனும் அப்படியே நம்பினான். கிறிசோஸ்தோம் அப்போது நோயாளி, போய்ப் பார்க்க முடியவில்லை, மூன்று பகுதிகளாக எழுதி அனுப்பினார். பிசாசு இல்லை என்று அவர் சொல்லவில்லை, அது அவருடைய காலம். ஆனால் பிசாசைவிட உன் சோர்வுதான் உனக்குக் கேடு, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றார். விசுவாசம் போதவில்லை என்று ஓரிடத்திலும் அவனை அடிக்கவில்லை. ஆபிரகாம் தொடங்கி வேதத்தில் துன்பப்பட்டவர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அவன் பக்கத்தில் உட்கார வைக்கிறார். நீ தனியாக இல்லை என்பதைச் சொல்லத்தான் அத்தனை பக்கங்களும். பிற்காலத்தில் அவரே நாடுகடத்தப்பட்டு, 404 முதல் 407 வரை, ஒலிம்பியாஸ் என்ற திருத்தொண்டருக்கு எழுதிய கடிதங்களிலும் இதே கவலைதான்: நீ எப்படித் தூங்குகிறாய், எப்படிச் சாப்பிடுகிறாய், சோர்வுக்கு இடம் கொடுத்துவிடாதே. கடுங்குளிரில் காய்ச்சலோடு மலைமலையாக இழுத்துச் செல்லப்பட்ட மனிதர், ஒரு பெண்ணின் மனச்சோர்வுக்காக அவ்வளவு தாள்களை நிரப்பியிருக்கிறார். மருத்துவரையும் பார், மருந்தும் எடுத்துக்கொள் என்றும் அந்தக் கடிதங்களில் எழுதியிருக்கிறார்.

முன்னோர் எல்லாம் சரியாகச் செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. பெரிய துக்கம் தரும் ஒரு கதை இருக்கிறது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் கான்ஸ்டான்டிநோபிளில், பாவ அறிக்கை கேட்பதற்கென்றே ஒரு குரு இருந்தார். உயர்குடிப் பெண் ஒருவர் அவரிடம் தன் குற்றங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் உபவாசமும் ஜெபமும் விதித்தார். அப்படி ஆலயத்துக்கு வந்து போன நாட்களில் ஒரு திருத்தொண்டன் தன்னோடு தகாத உறவு கொண்டான் என்பதையும் பிறகு அந்தப் பெண் வந்து சொன்னார். செய்தி வெளியே கசிந்தது. மக்கள் கொதித்தார்கள். சபைக்கே அவமானம் என்பதும் அந்தக் கொதிப்புக்கு ஒரு காரணம் என்று சொக்ராத்தஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதுகிறார். பேராயர் நெக்தாரியூஸ், திருத்தொண்டனை விலக்கியதோடு, எவ்தைமோன் என்ற குருவின் ஆலோசனைப்படி பாவ அறிக்கை கேட்கும் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார். இதை எவ்தைமோனிடமே கேட்டறிந்த சொக்ராத்தஸ், உங்கள் ஆலோசனை நன்மையானதா என்பது கடவுளுக்கே தெரியும், ஆனால் இனி ஒருவரையொருவர் திருத்தும் கடமை போய்விடுமே என்று அவரிடம் சொன்னாராம்.

இந்தக் கதையில் பேராயர் இருக்கிறார், ஆலோசகர் இருக்கிறார், சபையின் மானம் இருக்கிறது, வரலாற்றாசிரியரின் இறையியல் கவலை இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு வரி இல்லை. தன்னைக் குணமாக்கிக்கொள்ள வந்த இடத்தில் காயப்பட்டவர் அவர். அவர் வாய்விட்டுச் சொன்னதன் பலன், சொல்வதற்கான இடமே மூடப்பட்டது. 2021 அக்டோபரில் பிரான்சில் சுதந்திர ஆணையம் ஒன்று, 1950 முதல் ஏறத்தாழ 2,16,000 சிறுவர் சிறுமியர் கத்தோலிக்கக் குருக்களாலும் துறவியராலும் பாலியல் வன்முறைக்கு ஆளானதாகத் தன் மதிப்பீட்டை வெளியிட்டது. அந்த அறிக்கையைப் பற்றி வாசித்த நாட்களில் இந்தப் பழைய கதைதான் என்னைத் துரத்தியது. முதலில் சபையின் பெயர், அடுத்து பதவி, அப்புறம் நடைமுறை, பாதிக்கப்பட்டவர் எங்கோ கடைசியில். சீர்திருத்தச் சபைகளான நாமும் இதில் வெளியே நிற்க முடியாது. நம்மிடம் பாவ அறிக்கைக் கூண்டு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பூட்டிய ஜெப அறையும், ஊழியர் சொன்னால் ஆண்டவர் சொன்னதுபோல் என்ற நம்பிக்கையும் நம்மிடமும் இருக்கின்றன.

ஆதி ஆயர்களின் பயம் இங்கேதான் உயிர்காக்கும் காரியமாகிறது. இன்னொருவரின் உள்ளத்துக்குள் நுழையும் உரிமை தனக்குத் தரப்பட்டிருப்பதை நினைத்து நடுங்குகிற ஒருவர், அந்த அறைக்குச் சாட்சி வேண்டும் என்பார், கதவு திறந்திருக்கட்டும் என்பார், தன்னைக் கேள்வி கேட்க ஓர் ஆள் வேண்டும் என்பார். நடுங்காதவருக்கு இந்த விதிகளெல்லாம் அவமானமாகத் தெரியும். பெரிய கிரகோரியாரின் நூலில் நான்காம் பகுதி ஒரே ஓர் அதிகாரம்தான். அதுவரை பிறரைப் பற்றியே பேசியவர், நன்றாகப் பேசி முடித்த ஆயருக்கு உள்ளே எழும் மகிழ்ச்சிதான் அவரைக் கொல்லும் என்று எச்சரித்துவிட்டு, தன்னையும் அந்தக் குற்றவாளிகளோடு சேர்த்துக்கொண்டு நூலை முடிக்கிறார்.

அவருடைய கண் எட்டாத தூரமும் உண்டு. முப்பத்தாறு இணைகளில் அடிமையும் ஆண்டையும் ஓர் இணை. அடிமை தாழ்மையை மறக்க வேண்டாம், ஆண்டை தானும் அதே இயல்பு கொண்ட மனிதனே என்பதை மறக்க வேண்டாம் என்கிறார். இருவருக்கும் தனித்தனி மருந்து கொடுத்தவர், நோய் அந்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது என்று பார்க்கவில்லை. ஆளுக்கேற்ற பேச்சு என்ற அற்புதமான கலை, அநியாயத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஆட்களை மட்டும் சமாதானப்படுத்தும் கலையாகவும் ஆகிவிடும்.

இதற்கு மருந்தும் ஆதித் திருச்சபையிலேயே இருக்கிறது, அதுவும் கிரகோரியார்களுக்கு முந்திய நூலில். மூன்றாம் நூற்றாண்டில் சிரியாவில் எழுந்த 'திதஸ்காலியா' என்ற சபை ஒழுங்கு நூல், ஆராதனையில் யார் எங்கே உட்காருவது என்று விவரிக்கிறது. பேராயர் பிரசங்கம் செய்யும்போது உலகச் செல்வாக்குள்ளவர் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்த வேண்டாம், எழுந்து வரவேற்க வேண்டாம், சபையார் யாராவது இடம் கொடுத்துக்கொள்வார்கள். ஆனால் ஓர் ஏழை வந்து, குறிப்பாக வயதானவர் வந்து, இடம் இல்லாவிட்டால், பேராயர் முழுமனதோடு அவருக்கு இடம் உண்டாக்க வேண்டும், தான் தரையில் உட்கார நேர்ந்தாலும் சரி. ஒடுக்குகிறவர்களும் கூலியை ஏமாற்றுகிறவர்களும் கொண்டுவரும் காணிக்கையை வாங்கி விதவைகளைப் போஷிக்கக் கூடாது என்றும் அதே நூல் கட்டளையிடுகிறது. இங்கே மேய்ப்புப்பணி என்பது காதோடு பேசும் ஆறுதல் மட்டுமல்ல. யார் தரையில், யார் ஆசனத்தில் என்பதும் மேய்ப்புப்பணியே.

வடக்கன்குளத்துத் திருக்குடும்ப ஆலயத்தில் வெள்ளாளருக்கும் நாடாருக்கும் நடுவே சுவர் வைத்துத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பூசை நடந்தது. கோயிலின் அமைப்பே இரண்டு கால்களாகப் பிரிந்திருந்தது. 1910-இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டபோது வழக்கும் வன்முறையும் மூண்டன. பேராசிரியர் ஆ. சிவசுப்பிரமணியன் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அந்தச் சுவரின் இரண்டு பக்கத்திலும் பாவ அறிக்கை கேட்டார்கள், நோயில் பூசினார்கள், சாவில் உடன் இருந்தார்கள். தனி மனிதருக்கான கவனிப்பு அத்தனையும் நடந்திருக்கும். சுவரும் இருந்தது. இன்றும் கல்லறைத் தோட்டங்களில் சுவர் நிற்கும் ஊர்களில், துக்க வீட்டுக்குப் போய் ஆறுதல் சொல்லிவிட்டு அந்தச் சுவரைப் பற்றிப் பேசாமல் வருகிற ஆயர், பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார்.

'திதஸ்காலியா'வில் இன்னொரு ஏற்பாடு உண்டு. அவிசுவாசிகளின் வீட்டுக்குள் வாழும் விசுவாசப் பெண்களிடம் ஆண் திருத்தொண்டரை அனுப்ப முடியாது. ஆகவே பெண் திருத்தொண்டர்களை நியமியுங்கள், நோயுற்ற பெண்களைப் பார்க்கவும் குளிப்பாட்டவும் அவர்கள் போகட்டும் என்கிறது. தமிழகத்தில் மிஷனரிகளின் காலத்தில் வீடுவீடாகப் போன வேதப்பெண்களை இந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், வேதம் வாசித்தார்கள், பிரசவ வீட்டில் இருந்தார்கள், அடுப்படியில் அமர்ந்து கதை கேட்டார்கள். வேறெவருக்கும் சொல்லாத காரியங்களை ஊர்ப் பெண்கள் அவர்களிடம் சொன்னார்கள். அந்த வேலையை இன்றும் பல ஊர்களில் ஐயரம்மாதான் செய்கிறார், சம்பளமும் பதவியும் இல்லாமல். ஐயருக்கு மாறுதல் வந்தால் அவரும் பெட்டியைக் கட்ட வேண்டும், அவரிடம் சொல்லிவைத்திருந்த பெண்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

திருமண்டலப் பெருமன்றங்கள் கூடும்போது நிலமும் பள்ளி நியமனமும் மணிக்கணக்கில் பேசப்படுகின்றன. ஓர் ஆயருக்கு எத்தனை குடும்பம் என்று கேட்பவர் அரிது. ஓர் ஐயரால் பெயர் சொல்லி, வீட்டு நிலைமை அறிந்து, தனியே உட்கார்ந்து பேசக்கூடிய குடும்பங்களின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு மேலே போனால் இன்னொருவரை நியமிக்க வேண்டும், அந்த இன்னொருவர் பெண்ணாகவும் இருக்கலாம். தாளாளர் வேலையை அவர் தோளிலிருந்து இறக்கிப் படித்த சபையார் ஒருவரிடம் கொடுக்கலாம். அப்போஸ்தலர்கள் பந்தி விசாரிப்புக்கு எழுவரை நியமித்த நாளிலிருந்து இதற்கு முன்மாதிரி இருக்கிறது. குருப்பட்டத்துக்கு வருகிற பிள்ளைகளிடம் அழைப்பைப் பற்றிக் கேட்கிறோம், எப்போது ரட்சிக்கப்பட்டாய் என்று கேட்கிறோம். இந்த வேலையில் உனக்கு எது பயமாக இருக்கிறது என்றும் கேட்கலாம். ஒன்றுமில்லை என்று பதில் வந்தால், அந்தப் பிள்ளையை இன்னும் ஒரு வருடம் ஆஸ்பத்திரி வார்டிலோ மீனவர் குடியிருப்பிலோ வேலை செய்யச் சொல்லி அனுப்பலாம்.